செத்த காருக்கு ஒரு பத்திரம்

மார்ச் 4, செவ்வாய்

ஹார்லன் அளவுநாடாவோடு வந்தார். மெத்தடிஸ்ட் தேவாலயத்தில் சக்கர நாற்காலிக்காரர்களின் வீடுகளுக்கு மரத்தில் சாய்தளம் கட்டிக்கொடுக்கும் குழு ஒன்று இருக்கிறது, அதற்கு இவர்தான் தலைவர். பணம் வாங்கமாட்டார்கள். மதியம் சாப்பாடு போட்டால் போதும்.

வாசல் ஓர் அங்குலம் உயர்ந்திருந்தால் சாய்தளம் ஓர் அடி நீளவேண்டுமாம். முன்வாசலில் கட்டினால் அது நேராகச் சாலையில் போய் முடியும், என் கணவன் டெல் நாற்காலியோடு உருண்டு பால் லாரிக்கு அடியில் போவான். ஆகவே பக்கவாசல்தான் என்றார். பக்கவாசலில் கார் நிற்கிறது.

"இத எடுத்துருவீங்கல்ல க்ளெண்டா?"

"அதுக்கென்ன, ஒரு ஃபோன் போட்டா வந்து தூக்கிட்டுப் போயிருவாங்க" என்று பெருமையாகச் சொன்னேன்.

டெல்லுக்கு ஜனவரியில் சர்க்கரை நோயால் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது மறுவாழ்வுப் பயிற்சி மையத்தில் இருக்கிறான். ஏப்ரல் கடைசியில் வீட்டுக்கு அனுப்புவார்கள், சாய்தளம் இருந்தால் மட்டும்.

மார்ச் 6, வியாழன்

காயலான் கடை கஸ்ஸுக்கு ஃபோன் போட்டேன். இந்த வட்டாரத்துப் பழைய கார்களையெல்லாம் நசுக்கிக் கட்டியாக்குவது அவன்தான்.

"பத்திரம் இருக்கா?"

"கார் இருக்கு."

"கார் எல்லார்கிட்டயும் இருக்கும்மா. அது உன்னுதுன்னு காட்ட பத்திரம் இருக்கா?"

"எஞ்சின் மூடிக்குள்ளேர்ந்து ஒரு மேப்பிள் மரம் வளந்து நிக்குது கஸ். இத எவன் திருடிட்டு வருவான்?"

"மரத்துக்குக் கேக்கல. காருக்குத்தான் கேக்கறேன்."

திருட்டுக் கார் காயலான் கடைக்கு வந்துவிடக்கூடாது என்பதற்காகப் போட்ட சட்டம். நல்ல சட்டம்தான். எங்கோ ஒரு திருடன் என் வீட்டுக்கு வந்து, மண்ணில் புதைந்த நாலு சக்கரத்தையும் தோண்டி எடுத்து, அடியில் குடியிருக்கும் ரக்கூன்களுக்கு வேறு வீடு பார்த்துக்கொடுத்து, மரத்தை வெட்டி அடுக்கிவிட்டு, காரைக் கொண்டுபோய் கஸ்ஸிடம் விற்றுவிடுவான். அவனிடமிருந்து அரசாங்கம் என்னைக் காப்பாற்றுகிறது.

"அது உன் தம்பி ராய்ஸ் காருதானே? கூப்பிடு தூரத்துல இருக்கான். ஒரு கையெழுத்து வாங்கிட்டு வா, முடிஞ்சுது."

"வேற வழி சொல்லு."

"நேர் வழி இருக்கறப்ப எதுக்கு வேற வழி?"

ஃபோனை வைத்துவிட்டேன். காயலான் கடைக்காரனுக்குக் குடும்ப விஷயமெல்லாம் எதற்கு?

மார்ச் 6, இன்னும் கொஞ்சம்

எழுதாமல் விட்டால் சரியாக இருக்காது. பதினோரு வருடத்துக்கு முன்னால் ராய்ஸ் அந்த மரூன் நிற ஓல்ட்ஸ்மொபைலைக் கொண்டுவந்து பக்கவாசலில் நிறுத்தினான். "ஒரு வாரம் நிக்கட்டும்கா, பம்ப் மாத்தணும்" என்றான். எட்டு வருடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு மூன்று வருடத்துக்கு முந்தைய நன்றித் திருநாளுக்கு, உள்ளே பனிக்கட்டி கரையாத வான்கோழியைத் தூக்கிக் கொதிக்கிற எண்ணெயில் போட்டான். எங்கள் கார் கொட்டகையின் கதவு எரிந்துபோனது. தீயணைப்பு வண்டி வந்தது. விருந்தாளிகள் எல்லாம் தட்டோடு புல்வெளியில் நின்றார்கள்.

"ஒரு வேலை, ஒரே ஒரு வேலை உருப்படியா செஞ்சிருக்கியாடா வாழ்க்கையில?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். "அப்ப என் காரையும் நீயே வச்சுக்கோ" என்று போனவன்தான். கேள்வி சரியான கேள்விதான். இடம்தான் சரியில்லை என்று டெல் சொல்வான்.

டெல்லுக்குக் காலை எடுத்தபோதும் ராய்ஸ் வரவில்லை. அதனால்தான் ஃபோன் போடமாட்டேன். காருக்காக அல்ல.

மார்ச் 10, திங்கள்

வண்டிப் பத்திர அலுவலகம். எண் எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கூப்பிட்ட பெண் பெயர் பேட்ரீஸ். நல்ல பொறுமைசாலி. அந்தப் பொறுமைதான் எரிச்சல்.

"பன்னெண்டு வயசுக்கு மேல ஆன, ஓடாத வண்டின்னா பத்திரமே வேண்டாம்மா. நேரா உடைக்கக் குடுத்துரலாம். சலுகை இருக்கு."

எழுந்து கட்டிப்பிடிக்கப் போனேன்.

"உரிமையாளர் வந்து ஓடாதுன்னு சத்தியம் பண்ணணும், அவ்ளோதான்."

"உரிமையாளர் என் தம்பி."

"அப்ப அவர வரச் சொல்லுங்க."

"அவன் வரமாட்டான்னு வச்சுக்குங்க."

"உங்க நிலத்துலதானே நிக்குது? அப்ப அது கைவிடப்பட்ட வண்டி. அதுக்குத் தனி வழி. ஷெரிஃப் ஆபீஸ்லேர்ந்து ஆள் வந்து வண்டி நம்பரப் பாப்பாங்க. நீங்க உரிமையாளருக்குப் பதிவுத் தபால்ல அறிவிப்பு அனுப்பணும். பதில் வரலேன்னா வண்டி உங்களுது."

பதில் வராது. மூன்று வருடமாக வராத பதிலா இப்போது வரப்போகிறது? இது எனக்கென்றே போட்ட சட்டம் என்று நினைத்தேன்.

"உரிமையாளர் இருக்கற எடம் தெரியுமா உங்களுக்கு?"

"சரியா சொல்ல முடியாது" என்றேன்.

பேட்ரீஸ் திரையைப் பார்த்தாள். "மில் ரோடு. உங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி."

"அங்கதான் இருக்கானா?" என்றேன்.

மார்ச் 14, வெள்ளி

ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். தொப்பியைக் கழற்றிக் காரின்மேல் வைத்தார், பாசியில் ஒட்டிக்கொண்டது. முன்கண்ணாடிக்கு அடியில் இருக்கும் எண்ணைப் படிக்க முடியவில்லை. கதவும் திறக்கவில்லை. அரைமணி நேரம் கண்ணாடியைச் சுரண்டினார். உள்ளேயிருந்து ஒரு ரக்கூன் அவரைப் பார்த்தது. எண்ணை அவர் பாதி படித்தார், பாதியை நம்பினார்.

பிறகு படிவத்தில் ஒரு கேள்வி. வண்டி ஓடும் நிலையில் உள்ளதா?

மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நான் ஓட்டிப் பாக்கலம்மா. ஓட்டிப் பாக்காம ஓடாதுன்னு எழுதக்கூடாது."

"ஓட்டிப் பாக்கணுமா?"

"பத்திரம் இல்லாத வண்டிய ஓட்டறது குத்தம்."

கடைசியில் "தெரியவில்லை" என்று எழுதிவிட்டுப் போனார். மேப்பிளில் மொட்டு விட்டிருக்கிறது.

மார்ச் 17, திங்கள்

அறிவிப்பு அனுப்பியாயிற்று. "மதிப்பிற்குரிய வாகன உரிமையாளர் அவர்களுக்கு" என்று அச்சிட்டிருந்தது. "மதிப்பிற்குரிய" என்பதை அடித்துவிடலாமா என்று கேட்டேன். தபால்காரி கூடாது என்றாள்.

மார்ச் 23, ஞாயிறு

கடையில் ராய்ஸைப் பார்த்தேன். ரொட்டி வரிசையில் நின்றான். நான் சட்டென்று நாய்த்தீனி வரிசைக்குத் திரும்பிவிட்டேன். வெறுங்கையோடு வரக் கூச்சமாக இருந்ததால் ஒரு பை வாங்கினேன். எங்களிடம் நாய் கிடையாது.

மார்ச் 26, புதன்

பதில் வந்துவிட்டது! பதிவுத் தபாலில்! மூன்று வருடம் ஒரு வார்த்தை பேசாதவன், அரசாங்கக் காகிதத்தில் பேசுகிறான்.

"மேற்கண்ட வாகனத்தின் உரிமையாளராகிய நான் என் உரிமையைக் கைவிடவில்லை. வாகனத்தைப் புதுப்பிக்கும் எண்ணத்தில் உள்ளேன்."

புதுப்பிக்கிறானாம். எதை? மரத்தையா?

மையத்துக்கு எடுத்துக்கொண்டு போய் டெல்லிடம் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ரெண்டு பேரும் ஒரே அச்சுடி. ஒருத்தரு வக்கீல் மாதிரி எழுதறீங்க, இன்னொருத்தரு நீதிபதி மாதிரி பதில் போடறீங்க. நடுவுல எனக்கு வாசல் இல்ல."

பேட்ரீஸுக்கு ஃபோன் செய்தேன். உரிமையாளர் உரிமை கோரிவிட்டதால் இனி அது கைவிடப்பட்ட வண்டி இல்லையாம். ஆனால் நான் தொடங்கிய விண்ணப்பத்தை மூடவும் முடியாதாம். அது அப்படியே திறந்து கிடக்குமாம். கார் கிடப்பது போதாதென்று இப்போது விண்ணப்பமும் கிடக்கிறது.

ஏப்ரல் 3, வியாழன்

மையத்தில் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்கள். சாய்தளம் இல்லாத வீட்டுக்கு ஆளை அனுப்பமாட்டார்கள். இருபத்தைந்தாம் தேதிக்குள் தயாராக இல்லையென்றால் நெடுஞ்சாலைப் பக்கத்து முதியோர் விடுதியில் ஒரு படுக்கை ஒதுக்குவார்களாம். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்றாள் அந்தப் பெண். அந்த விடுதிக்குக் கொஞ்ச நாளைக்கென்று போன யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

நான் கிளம்பும்போது டெல் சொன்னான். "பரவால்ல க்ளெண்டா. அங்க சூப் நல்லா இருக்கும்னு சொல்றாங்க."

சூப்பாம். நாப்பது வருஷம் என் சமையல ஒரு நாள் நல்லாருக்குன்னு சொல்லாத மனுஷன் அங்க சூப் நல்லாருக்குமாம். எனக்குத் தெரியாதா அவன் எதுக்குச் சொல்றான்னு? என்னைய விட்டுக்குடுக்கறானாம். யாரு கேட்டா?

வீட்டுக்கு வந்து மண்வெட்டியை எடுத்து காரை நாலு அடி அடித்தேன். கை வலிக்கிறது. காருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் காலத்துக் கார்.

ஃபோனை எடுத்தேன். ராய்ஸ் எண்ணில் ஆறு இலக்கம் வரை போட்டேன். வைத்துவிட்டேன். ஏன் வைத்தேன்?

ஏப்ரல் 8, செவ்வாய்

தபால் பெட்டியில் ஓர் உறை. உள்ளே ஓல்ட்ஸ்மொபைலின் பத்திரம்! என் பெயருக்கு மாற்றிக்கொடுத்து, விற்பவர் என்ற இடத்தில் ராய்ஸின் கோணல் கையெழுத்து. கடிதம் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. பத்திரத்தின் மூலையில் காப்பிக் கறை மட்டும்.

என்ன ஆயிற்று இவனுக்கு?

எதுவாக இருந்தால் என்ன, பத்திரம் வந்துவிட்டது. ஹார்லனுக்கு ஃபோன் போட்டு பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை ஆட்களை வரச் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

கஸ்ஸிடம் போனேன். பத்திரத்தைத் தூக்கிக் கொடியைப்போல ஆட்டிக்கொண்டு போனேன்.

கஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தான். பின்னால் திருப்பினான். மறுபடி முன்னால் திருப்பினான்.

"முத்திரை எங்க?"

"என்ன முத்திரை?"

"நோட்டரி முத்திரைம்மா. நோட்டரி பாக்கும்போது கையெழுத்துப் போடணும். இவன் வீட்டுல உக்காந்து போட்டிருக்கான். காப்பி குடிச்சுட்டே போட்டிருக்கான்."

"அப்ப நோட்டரிகிட்ட கொண்டுபோய்க் காட்டி முத்திரை வாங்கிக்கறேன்."

"போட்ட கையெழுத்துக்கு எந்த நோட்டரியும் சாட்சி சொல்ல மாட்டான். அழிச்சாலும் செல்லாது, அடிச்சாலும் செல்லாது. இந்தப் பத்திரமே போச்சு. வருஷத்துக்கு நூறு பேரு இப்படி எழுதிட்டு வந்து நிக்கறாங்க. வேற நகல் எடுக்கணும். உரிமையாளர்தான் நேர்ல போய்க் கேக்கணும்."

ஆக, காரில்லாமல் பத்திரம் இருந்தாலும் பயன் இல்லை, பத்திரமில்லாமல் கார் இருந்தாலும் பயன் இல்லை, இரண்டும் இருந்தால் ராய்ஸ் கையெழுத்துப் போட்டுக் கெடுத்துவிடுவான். ஒரே ஒரு வேலை, உருப்படியாக...

பேட்ரீஸுக்கு ஃபோன். திறந்து கிடக்கும் என் விண்ணப்பத்தையும் சேர்த்து மூடவேண்டுமாம். "உங்க ரெண்டு பேரும் ஒண்ணா வரணும்மா. ஒரே நேரத்துல. ரெண்டு பேருமே சத்தியம் பண்ணணும்."

இரண்டு பேரும் ஒன்றாக.

ஏப்ரல் 10, வியாழன்

ஃபோன் போட்டேன். இந்தத் தடவை எல்லா இலக்கமும்.

"நாளைக்குக் காலைல பத்து மணி. பத்திர ஆபீஸ்" என்றேன்.

"அதான் அனுப்பிட்டேனே."

"கெடுத்து அனுப்பியிருக்க."

"பத்தரை ஆகும். பால் இறக்கிட்டு வரணும்" என்றான். பால் லாரி ஓட்டுகிறான் இப்போதும்.

ஏப்ரல் 11, வெள்ளி

அவன் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தேன். தலை நரைத்திருக்கிறது. கைப்பையை நடு நாற்காலியில் வைத்தேன், யாரும் வந்து உட்கார்ந்துவிடாமல் இருக்க. அவனும் தொப்பியை அதிலேயே வைத்தான்.

அரைமணி நேரம் சுவரில் இருந்த வரி அறிவிப்பைப் படித்தோம்.

"டெல் எனக்கு ஃபோன் பண்ணான்" என்றான் அறிவிப்பைப் பார்த்தபடியே.

"எப்ப?"

"போன வாரம். 'உங்க அக்கா உனக்கு ஃபோன் போடறதுக்குள்ள எனக்குப் புதுக் கால் முளைச்சுரும், நீயாவது பத்திரத்தக் குடுத்துத் தொலடா'ன்னான்."

"கால் எடுத்தப்ப நீ வரல."

"வந்தேன்."

"பொய் சொல்லாத."

"வந்தேங்கறேன்ல. லாரியோட வந்தேன், ரெண்டு தடவ. வாசல்ல இந்தக் கார் நிக்குது. எட்டு வருஷம், பத்து வருஷம் எடுக்காத காரு. அத வச்சுக்கிட்டு எப்படிக்கா உள்ள வந்து 'நான் எதாச்சும் செய்யட்டுமா'ன்னு கேக்கறது? வண்டியத் திருப்பிட்டேன்."

பால் லாரியை எங்கள் தெருவில் திருப்புவது லேசான காரியம் இல்லை. பக்கத்து வீட்டுத் தபால் பெட்டி ஜனவரியில் சாய்ந்து கிடந்தது. பனிச்சறுக்கல் என்று நினைத்திருந்தோம்.

"அப்புறம் எதுக்குடா புதுப்பிக்கப் போறேன்னு எழுதின?"

"நீ 'மதிப்பிற்குரிய'ன்னு எழுதினியே. கோவம் வந்துருச்சு."

அதற்குள் எங்கள் எண் வந்தது. நகல் பத்திரம், விண்ணப்பம், மூடும் படிவம் எல்லாம் ஆயிற்று. பேட்ரீஸ் இன்னொரு தாளை நீட்டினாள். பணம் வாங்காமல் வண்டி கைமாறுவதால் வரிவிலக்கு உண்டாம், ஆனால் அது குடும்பத்துக்குள் மட்டும். அதனால் உறவைச் சொல்லி நோட்டரி முன்னால் சத்தியம் செய்யவேண்டும். பக்கத்து மேஜையில் இருந்த நோட்டரி வழுக்கைத் தலைக்காரர், தும்மிக்கொண்டே இருந்தார்.

"வலது கையத் தூக்குங்க ரெண்டு பேரும். இந்தம்மா உங்களுக்கு என்ன உறவு?"

"அக்கா" என்றான் ராய்ஸ்.

"இது உண்மைன்னு உறுதி சொல்றீங்களா? பொய்யா இருந்தா சிறைத் தண்டனை இருக்கு."

"துரதிர்ஷ்டவசமா உண்மைதான் சார்."

"அந்த வார்த்தை வேண்டாம். உண்மையா, இல்லையா?"

"உண்மை."

என் பக்கம் திரும்பினார். "இவர் உங்களுக்கு?"

தம்பி என்று சொல்லவேண்டியதுதானே. வாய் திறந்தேன், வரவில்லை. அழுகைதான் வந்தது. ஒரு வண்டிப் பத்திர அலுவலகத்தில், இருபது பேர் எண் சீட்டோடு பார்த்துக்கொண்டிருக்க, கையைத் தூக்கிக்கொண்டு அழுதேன். ராய்ஸ் அந்தத் தொப்பியை எடுத்துக் கொடுத்தான், கண்ணைத் துடைக்கவாம். டீசல் நாற்றம்.

"அம்மா, அழுகைய எழுதிக்க எடம் இல்ல. வாய்ல சொல்லணும்" என்றார் நோட்டரி.

"தம்பி" என்றேன்.

முத்திரை குத்தினார்.

ஏப்ரல் 16, புதன்

கஸ் வந்து தூக்கிப்போனான். மேப்பிளை ராய்ஸ் வெட்டினான். ரக்கூன்கள் நேற்றே காலி செய்துவிட்டன, அவற்றுக்கு யாரும் பதிவுத் தபால் அனுப்பவில்லை.

ஏப்ரல் 19, சனி

ஹார்லனும் ஆட்களும் ஏழு மணிக்கே வந்துவிட்டார்கள். ராய்ஸும் வந்தான். அவன் லூத்தரன் சபைக்காரன், இது மெத்தடிஸ்ட் சாய்தளம். ஹார்லன் அவனிடம் சுத்தியலைக் கொடுத்துவிட்டு, பின்னாலேயே நின்று ஒவ்வொரு ஆணியையும் பார்த்துக்கொண்டிருந்தார். வான்கோழிக் கதை அவருக்கும் தெரியும். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. ராய்ஸ் அடித்த பக்கம் ஆடவில்லை. இரண்டு முறை குதித்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

டெல் வீட்டுக்கு வந்துவிட்டான். சாய்தளத்தில் பாதியில் நிறுத்தச் சொல்லி, நின்று சுற்றிலும் பார்த்தான். "இந்தப் பக்கம் இவ்ளோ வெளிச்சம் வருமா?" என்றான். ராத்திரி சூப் வைத்தேன். உப்பு போதவில்லை என்றான். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மே 9, வெள்ளி

அரசாங்கத்திடமிருந்து கடிதம். வாகனம் அழிக்கப்பட்டதை முந்தைய உரிமையாளரும் இன்றைய உரிமையாளரும் கையெழுத்திட்டு உறுதிசெய்ய வேண்டுமாம். நசுக்கிக் கட்டியாகி, உருக்கி, இந்நேரம் யார் வீட்டிலோ குளிர்பெட்டியாக இருக்கும், அதற்கு உறுதிமொழி. இதற்கு நோட்டரி வேண்டாம், நேரில் வரவேண்டாம், தனித்தனியாகத் தபாலில் அனுப்பினால் போதும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

ராய்ஸுக்கு ஃபோன் செய்தேன். "இன்னொரு கையெழுத்து வேணுமாம். நீ நேர்லதான் வரணும். ஞாயித்துக்கிழமை."

அதே கடிதம் அவனுக்கும் போயிருக்கிறது, பெறுநர்களில் அவன் பெயரும் இருக்கிறது. படித்திருப்பான்.

"மதியம் என்ன சமைக்கற?" என்றான்.